டில்லியிலிருந்து வந்த பழைய கம்பளி

கீழமங்கலம்,
பாபநாசம் தாலுகா.
22-8-1971

மன்னிக்கு அபயாம்பாள் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணாவுக்கு ரத்தக்கொதிப்பு குறைந்ததா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

எதிர்வீட்டு சாமா டில்லியிலிருந்து வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. "எல்லாம் பழசு, யாருக்காவது கொடுத்துவிடு, இல்லாவிட்டால் கரித்துணிக்கு வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஊர் வெயிலில் அண்ணாவின் ஆபீஸ் ஸ்வெட்டரை யார் போட்டுக்கொள்வார்கள்? முழங்கைதான் தேய்ந்திருக்கிறது. முதுகுப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. கரித்துணியாக்க மனசு வரவில்லை. பக்கத் தையலைக் கத்தரித்துவிட்டு, கழுத்தில் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று பிரிந்து வந்துவிட்டது. ஆனால் நூல் முழுக்கச் சுருட்டை முடி. நாற்காலி முதுகில் சுற்றிக் கழற்றி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, கொடியில் மாட்டி, கீழே ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் பார்த்தால் நேராகிவிட்டது.

பாபநாசம் கடையில் பின்னல் ஊசி இல்லை. ஒடிந்த குடையிலிருந்து இரண்டு கம்பியை உருவி, நுனியைக் கல்லில் தேய்த்துக்கொண்டேன். என் அகத்துக்காரர் போன பிறகு நான் டில்லியில் உங்களோடு இருந்த வருஷம், மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள் பின்னுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது கைக்கு மறக்கவில்லை. முதலில் ஒரு குழந்தைக் குல்லா பின்னினேன். நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் சிவசாமியின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் அம்மா காளியம்மாளிடம் கொடுத்தேன். "இதப் போட்டா புள்ள வேர்த்து ஊத்தாதுங்களாம்மா?" என்று சிரித்தாள். ஐப்பசி மழையில் தெரியும், வைத்துக்கொள் என்றேன்.

மீதி ஸ்வெட்டர்களையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இருந்தால் அனுப்புங்கள்.

அபயம்

*

கரோல் பாக், புது டில்லி.
19-9-1971

அன்புள்ள அபயத்துக்கு ஆனந்தம் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால்தான் வலிக்கிறது.

அண்ணா உனக்கு எழுதச் சொன்ன விஷயம் இது. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய கவர்ன்மென்டு சட்டம் கொண்டுவந்திருக்கிறதாம். சிவசாமி மனுக் கொடுத்திருக்கிறான். அவன் பெயர் ஏறிவிட்டால் நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ரைஸ்மில் ரெத்தினம் வாங்கத் தயாராக இருக்கிறாராம், ஆனால் குத்தகைக்காரன் இல்லாத நிலமாக வேண்டுமாம். அதனால் விசாரணையின்போது நீ வந்து, "இது எங்கள் சொந்தச் சாகுபடி, நான்தான் மேற்பார்வை பார்த்தேன், சிவசாமி கூலி ஆள்" என்று தாசில்தாரிடம் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பது நீ ஒருத்திதான், உன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்கிறார். நிலத்தோடு வீட்டையும் விற்றுவிட்டு உன்னை இங்கே அழைத்துவந்துவிடலாம் என்று திட்டம்.

அவர் சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழைய கம்பளி சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது, நிறம் அப்படியே வாழைக்குருத்து. பார்சலில் வரும்.

ஆனந்தம்

*

கீழமங்கலம்,
24-10-1971

மன்னிக்கு நமஸ்காரம். சௌக்கியமாக இருக்கிறேன். குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அண்ணா மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

பார்சல் வந்தது. அந்தப் பச்சையை வெள்ளையோடு கலந்து ஒரு ஜோடி காலுறை பின்னி, பாபநாசத்தில் அப்துல் ஹமீது ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோனேன். அவர் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல காட்டணும், உள்ள வாங்கம்மா" என்றார். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி மெஹராஜ் பேகம் காலுறையைத் தன் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் புள்ளய பாக்கப் போறவங்க எல்லாம் எங்க கடைக்குத்தான் வர்றாங்க. இத கண்ணாடி அலமாரியில வைக்கிறேன்" என்றாள். வைத்ததும் போய்விட்டது. அதோடு, தையல்காரர் வெட்டித் தள்ளும் துண்டுத் துணிகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். "தூக்கிப் போடுறதுதான், உங்க கையில என்னாகுதுன்னு பாப்போம்."

அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்துச் சேர்த்து, உள்ளே அப்பாவின் பழைய வேஷ்டிகளை நாலு மடிப்பாக வைத்துத் தைத்தேன். தொட்டிலுக்குள் விரிக்கிற மாதிரி சின்ன மெத்தை. வேஷ்டி துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. குழந்தைக்கு அதைவிட என்ன வேண்டும்? தார் வெட்டிய வாழையைச் சும்மா கொல்லையில் தள்ளுகிறார்களே, அந்தப் பட்டையைச் சீவி நார் எடுத்து, பின்னிச் சுருட்டித் தைத்து, சூடான பாத்திரம் வைக்கும் தட்டுகூடச் செய்தேன். உங்களுக்கு இரண்டு அனுப்புகிறேன்.

சிவசாமி வந்திருந்தான். "தாசில்தார்கிட்ட அம்மாவையும் கூப்பிடுவாங்களாமே" என்றான். ஆமாம் என்றேன்.

அபயம்

*

புது டில்லி,
11-11-1971

சிரஞ்சீவி அபயாம்பாளுக்கு ஸ்ரீநிவாசன் ஆசீர்வாதம். க்ஷேமம். நீ உன் மன்னிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். இரண்டு பக்கம் கந்தல் துணியைப் பற்றி இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் ஒரு வரி இல்லை.

இருபது வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். ரிடையர் ஆனதும் இங்கே ஒதுங்க ஒரு கூரை வேண்டும். அப்பா வைத்துப்போனது அந்த நிலம் ஒன்றுதான். நான் கேட்பது அநியாயமா என்று நீயே யோசி. நீ சாயபு கடைக்குப் போய் வருவதாக அக்ரஹாரத்திலிருந்து எழுதுகிறார்கள். நம் குடும்பத்துப் பெண் கடை கடையாக ஏறி இறங்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. அதை நிறுத்து. அறுவடையாகும் நெல்லை நீ சாப்பிட்டுக்கொள்ள விட்டிருக்கிறேன். பட்டா என் பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வை.

விசாரணை மாசியில் இருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். தயாராக இரு.

ஸ்ரீநிவாசன்

*

கீழமங்கலம்,
20-11-1971

அண்ணாவுக்கு நமஸ்காரம். உங்கள் உடம்பு சுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.

பதில் எழுதாதது தப்புதான். எழுதுகிறேன். தாசில்தார் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். எனக்குத் தெரிந்தது, சிவசாமி அப்பா காலத்திலிருந்து குத்தகைக்காரன் என்பது. வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. உங்களுக்கு வீடு வேண்டும். அவனுக்கும் அந்த நிலத்தை விட்டால் வேறு இல்லை. நெல்லை நிறுத்திவிடுவீர்கள் என்பதும் புரிகிறது. அதனால்தான் கடைக்குப் போகிறேன்.

அபயாம்பாள்

*

புது டில்லி,
27-12-1971

அபயத்துக்கு ஆசீர்வாதம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு யுத்தம் ஒரு காரணம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி, சங்கு ஊதினால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது முடிந்துவிட்டது.

இன்னொரு காரணம், உனக்கு நான் எழுதக்கூடாது என்று அண்ணா சொல்லிவிட்டார். இதை மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பதில் எழுதினால் அவர்கள் விலாசத்துக்கே எழுது, உறையின் பின்னால் இருக்கிறது.

யுத்தத்தின்போது இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினோம். நானும் உட்கார்ந்தேன். நான் பின்னிய முதல் ஸ்வெட்டரில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பஞ்சாபி அம்மாள் அப்படியே பிரித்துப் போட்டுவிட்டாள். மறுபடி பின்னினேன். பின்னிக்கொண்டிருக்கும்போது உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இங்கே இருந்த வருஷம் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே படுத்திருந்தாய். ஊசியை எடுக்க உனக்கு மத்தியானத்தில் ஒரு சிட்டிகை நேரம்தான் கிடைத்தது, அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். உன்னை வரச் சொல்லி அவர் சொன்னதை எழுதினேனே தவிர, நான் கூப்பிடவில்லை. கவனித்திருப்பாய்.

இப்போது நான் சொல்கிறேன். வராதே அபயம். நீ வந்தால் எனக்கு எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். வராதே.

நீ அனுப்பிய நார்த் தட்டுகளை இங்கே நாலு பேர் கேட்கிறார்கள்.

ஆனந்தம்

*

கீழமங்கலம்,
30-1-1972

மன்னிக்கு நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். உடம்பு சௌக்கியம்.

இங்கே ஒன்று நடந்தது. சம்பா பழுத்து நிற்கிறது. பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை காலையில் மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். காளியம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அம்மா, ரெத்தினம் லாரியில வெளியூரு ஆளு ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. நம்ம வயல அறுக்கப் போறாங்க. எங்க ஆம்பளைங்க கம்ப எடுத்துட்டாங்கம்மா, ரத்தம் பாக்காம விடமாட்டாங்க போலருக்கு." ரெத்தினத்தின் யோசனை எனக்குப் புரிந்தது. அண்ணா பெயரில் கூலி ஆள் வைத்து அறுத்துவிட்டால் சொந்தச் சாகுபடி என்று காட்டலாம்.

தைத்ததை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். அக்ரஹாரத்துப் பெண்கள் யாரும் அந்த வரப்பில் நடந்ததில்லை. ஒரு பக்கம் அரிவாளோடு வெளியூர்க்காரர்கள், பாதிக்கு மேல் பெண்கள். மறுபக்கம் சிவசாமியும் அவன் தெருவும், கையில் கம்பும் சிவப்புக் கொடியும். நடுவில் ரெத்தினம்.

"நீங்க ஏம்மா இங்கெல்லாம் வர்றீங்க? உங்க அண்ணன் சொல்லித்தான் அறுக்க வந்திருக்கோம், வீட்டுக்குப் போங்க" என்றார்.

"நாத்து விட்டது யாரு?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்குங்க?"

வெளியூர்க்காரர்கள் காதில் விழ வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "நாத்து விட்டது சிவசாமி. நட்டது காளியம்மாளும் அவ ஜனங்களும். வருஷா வருஷம் நான் பாத்துண்டுதான் இருக்கேன். இது குத்தகை வயல். அறுக்க வேண்டியவா அவாதான்."

வந்தவர்களில் வயதான ஒருத்தி, ராமாயி என்று கூப்பிட்டார்கள், ரெத்தினத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பண்ணை வயலுன்னுல்ல கூட்டியாந்தீங்க? குத்தகைக்காரன் வாயில மண்ணப் போடவா எங்கள ஏத்திக்கிட்டு வந்தீங்க? எங்க ஊர்லயும் இதே சண்டைதாங்க நடக்குது." அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தாள். ஒவ்வொருத்தராக எல்லோரும் அவள் பின்னால் போய்விட்டார்கள். ரெத்தினம் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தேன். மெஹராஜுக்கு அன்றைக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

இதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் இருக்க முடியாது என்று தெரியும். பாபநாசத்தில் தபாலாபீஸுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் பெரிசு. தைக்க வெளிச்சம் போதும்.

அபயம்

*

புது டில்லி,
24-2-1972

அபயத்துக்கு ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அவசரமாக எழுதுகிறேன். அண்ணா லீவு போட்டுவிட்டு நாளைக்கு ரயில் ஏறுகிறார். விசாரணைக்கு நேரே வந்து உட்கார்ந்தால் உனக்கு வாய் வராது என்று நினைக்கிறார். வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, அது உனக்கும் தெரியும். பயந்திருக்கிறார். வேலை முடிந்த பிறகு என்ன என்று இரவெல்லாம் உருளுகிறார். நீ அவரைப் பார்த்து இரக்கப்படுவாய். இரக்கப்படு. அதற்காகச் சொல்ல வேண்டியதை மாற்றாதே.

ஆனந்தம்

*

பாபநாசம்,
12-3-1972

மன்னிக்கு நமஸ்காரம். விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்புக்குக் குறைவில்லை. அண்ணா சௌகரியமாக ஊர் வந்து சேர்ந்தாரா?

தாலுகா கச்சேரியில் நடந்ததை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது.

அவருடைய வக்கீல், "நீங்கதானேம்மா வயலை மேற்பார்வை பார்த்தது?" என்றார்.

"இல்லை. எனக்கு மேற்பார்வை பாக்கத் தெரியாது."

"அப்படின்னா வயலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க உங்க அண்ணன் போடற சாப்பாட்டுல இருக்கறவங்கதானே?"

"ஆமாம். அண்ணா சாப்பாடுதான். அந்தச் சாப்பாட்டுக்கு நெல்லை மூட்டை கட்டி எங்காத்து வாசல்ல கொண்டுவந்து எறக்கினது சிவசாமி. எங்க அப்பா இருந்தப்பவும் அவன்தான். வெள்ளம் வந்த வருஷம் தன் வீட்டுக்கு வச்சுக்காம எங்களுக்குக் கொண்டுவந்தான். கூலி ஆள் அப்படிச் செய்வானா? குத்தகைக்காரன்தான் செய்வான்."

தாசில்தார் எழுதிக்கொண்டார். சிவசாமி பெயரைப் பதிவு செய்ய உத்தரவாகிவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணா நின்றுகொண்டிருந்தார். "இனிமே உனக்கு யார் போடுவா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை மன்னி. நிஜமாகவே தெரியாமல் கேட்ட மாதிரி இருந்தது.

"நானே போட்டுக்கறேன் அண்ணா" என்றேன்.

அவர் கும்பகோணம் பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். பிறகு அழுதேன். சிவசாமி தூரத்தில் நின்றான், பக்கத்தில் வரவில்லை. அப்புறம் வந்து, "குத்தகை நெல்ல நீங்களே வச்சுக்குங்கம்மா" என்றான். அது அண்ணாவுக்குச் சேர வேண்டியது, விற்றுப் பணத்தை ஒழுங்காக அவருக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. காளியம்மாளின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நார் சீவுகிறாள். மெஹராஜ் பழைய பட்டுப் புடவைகளை வாங்கி அனுப்புகிறாள். கும்பகோணத்திலிருந்து ஒரு கடைக்காரர் மெத்தை கேட்டு வந்தார். அவருக்கு ஓரத் தையல் நெருக்கமாக வேண்டுமாம். கண் வலிக்கிறது. ஆனாலும் செய்துகொடுப்பேன்.

அபயம்

*

புது டில்லி,
18-6-1972

சிரஞ்சீவி அபயாம்பாளுக்கு ஸ்ரீநிவாசன் ஆசீர்வாதம். நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன்.

கீழமங்கலம் வீட்டை சாமாவே வாங்கிக்கொள்கிறான். நிலத்தை விற்கும் யோசனையை விட்டுவிட்டேன். சிவசாமி குத்தகையைத் தாமதமில்லாமல் அனுப்புகிறான். வீட்டில் இருக்கும் பாத்திரங்களில் உனக்கு எது வேண்டும் என்று எழுது.

உன் மன்னி முன் அறையில் தெருப் பெண்களை உட்காரவைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உட்கார இடம் இல்லை, காபியும் நேரத்துக்கு வருவதில்லை. கேட்டால், "டிகாக்ஷன் இறங்கியிருக்கு, நீங்களே கலந்துக்கோங்கோ" என்கிறாள். கலந்துகொள்கிறேன். உனக்கு இனிமேல் அவள் கடிதம் நம் விலாசத்திலிருந்தே வரும். மாடிக்கு ஏறி இறங்கினால் அவள் முழங்காலுக்கு ஆகாது.

பத்திரப் பதிவுக்கு ஆவணியில் பாபநாசம் வர வேண்டியிருக்கும். கும்பகோணத்தில் லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம்.

ஸ்ரீநிவாசன்

*

பாபநாசம்,
2-7-1972

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், தையல் மறுபடி நேராக விழுகிறது.

பாத்திரம் எதுவும் வேண்டாம். வெண்கலப் பானையை மட்டும் மன்னிக்கு எடுத்துப் போங்கள், அவருக்கு அதில் வடித்த சாதம் பிடிக்கும்.

லாட்ஜில் எல்லாம் தங்க வேண்டாம். என்னிடம் இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் துணி மூட்டை இருக்கிறது, அதை நகர்த்தினால் நீங்கள் காலை நீட்டிப் படுக்கலாம். பகலில் நாலு பேர் வந்து உட்கார்ந்து தைப்பார்கள், பேச்சும் சிரிப்புமாக இருக்கும். டில்லியில் பழகியிருப்பீர்கள். ரத்தக்கொதிப்புக்கு உப்பு குறைத்துச் சமைக்கிறேன்.

ரயிலடியிலிருந்து நேரே கடைத்தெருவுக்கு வாருங்கள். அங்கே ஸ்ரீநிவாசன் தங்கை வீடு எது என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அபயாம்பாள் வீடு என்று கேளுங்கள். யாராவது கூட்டிக்கொண்டே வந்து விட்டுவிடுவார்கள்.

தங்கள் தங்கை,
அபயாம்பாள்